ஆசை காட்டி மோசம் பண்ணாதீங்க: பள்ளிகள்ல மென்டரிங் நடத்துறவங்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

நகரத்துல வசதி குறைஞ்ச ஏரியா பள்ளிகளுக்கு மென்டர்களை, அதாவது ஒரு பிள்ளையோட தொடர்ந்து உக்காந்து பேசி துணையா இருக்குற பெரியவங்களை, அனுப்புற அமைப்புகளுக்கும், அதுக்கு நிதி குடுக்குற கம்பெனிகளுக்கும், அந்த ஒப்பந்தத்துல கையெழுத்து போடுற கல்வி அதிகாரிகளுக்கும் சேர்த்துதான் இதை எழுதுறேன். நான் அப்படி ஒரு பள்ளியில பாடம் எடுக்குறேன். மென்டரிங் வேண்டாம்னு சொல்ல வரல, நல்லா நடந்தா அது என்ன செய்யும்னு கண்ணால பாத்தவ நான். கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான். ஒரு பிள்ளையோட ஒரு பெரியவரைச் சேத்து வெச்சீங்கன்னா குறைஞ்சது ஒரு முழு வருஷம் அந்த ஆள் மாறாம பாத்துக்கோங்க, அதுக்கு வழி இல்லன்னா தயவுசெஞ்சு அந்தப் பிள்ளைக்கு ஆரம்பிக்கவே ஆரம்பிக்காதீங்க.

எங்க பிள்ளைங்களுக்கு மனுஷங்க விட்டுட்டு போறது ஒண்ணும் புதுசு இல்ல. வாடகை ஏறினா வீடு மாறுது, வீடு மாறினா பக்கத்து வீட்டுல பாத்துக்கிட்ட பாட்டி இல்லாம போயிடுறாங்க, அப்பா வேலைக்குன்னு வேற ஊருக்கு போறார், அம்மாவுக்கு நைட் ஷிஃப்ட், கொஞ்சம் பிடிச்சுப்போன வாத்தியாரும் மாற்றலாகி போயிடுறார். இதுக்கு நடுவுல புதுசா ஒருத்தங்க வந்து உக்காந்து "நான் உனக்காகத்தான் வர்றேன்"னு சொல்றாங்க. அதை பிள்ளை உடனே நம்புறதில்ல. நம்பலாமான்னு யோசிக்க ஆரம்பிக்கிற நேரம் பாத்து நீங்க ப்ராஜெக்ட் முடிஞ்சுதுன்னு கிளம்பிடுறீங்க.

என் கிளாஸ்ல எட்டாவது படிச்ச ஒரு பொண்ணைப் பத்தி சொல்றேன். மென்டர் வர்ற நாள் மட்டும் ஜன்னல் ஓரமா இடம் மாறி உக்காருவா, ஏன்னா அங்கிருந்துதான் கேட் தெரியும். பாடம் நடக்கும்போதே பைய மூடி மடியில வெச்சுக்குவா, கேட் சத்தம் கேட்டா தலை நிமிரும். "அந்த அக்கா இன்னிக்கு வருவாங்களா டீச்சர்"னு ஒரே ஒரு தடவைதான் என்கிட்ட கேட்டா. அந்த அக்கா வேலை மாறி போயிட்டாங்க, அது தப்பில்ல, யாருக்கும் நடக்கும், ஆனா அதை அவகிட்ட சொல்லணும்னு அமைப்புல ஒருத்தருக்கும் தோணல. நான் போன் பண்ணிக் கேட்டப்போ "வேற ஒருத்தங்களை போட்டுடுறோம் மேடம்"னாங்க. போட்டாங்க. புது மென்டர் வந்த அன்னிக்கு இவ "எனக்கு ஹோம்வொர்க் இருக்கு, நான் வரல டீச்சர்"னுட்டா. அன்னிக்கு ஹோம்வொர்க்கே கிடையாது.

இது ஏதோ ஒரு டீச்சரோட மனக்குறைன்னு நினைக்காதீங்க, ஆராய்ச்சி பண்ணினவங்க எப்பவோ சொல்லிட்டாங்க. அமெரிக்காவுல 1904-ல ஆரம்பிச்ச ஒரு முயற்சியில இருந்து வளந்த மென்டரிங் அமைப்பு பிக் பிரதர்ஸ் பிக் சிஸ்டர்ஸ். அதைப் பத்தி 1995-ல வந்த ஒரு ஆய்வைத்தான் உங்க பிரசன்டேஷன்ல எல்லாம் காட்டுறீங்க, 10-லருந்து 16 வயசு வரைக்கும் 959 பிள்ளைங்க, குலுக்கல் மாதிரி பிரிச்சு பாதிப்பேருக்கு மென்டர், மீதிப்பேர் காத்திருப்பு பட்டியல்ல. மென்டர் கெடச்ச பிள்ளைங்க போதைப்பொருள் பக்கம் புதுசா போறது 46 சதவீதம் கம்மி, ஸ்கூலுக்கு மட்டம் போடுற நாளும் ஏறக்குறைய பாதி கம்மி. நல்ல சேதிதான். ஆனா அதே பிள்ளைங்களோட விவரத்தை வெச்சு ஜீன் கிராஸ்மேனும் ஜீன் ரோட்ஸும் 2002-ல எழுதினதை ஏன் யாரும் ஸ்லைடுல போடுறதில்ல? ஒரு வருஷத்துக்கு மேல நீடிச்ச மென்டர்-பிள்ளை ஜோடிகள்லதான் பலன் அதிகம், மாசம் குறைய குறைய பலனும் தேயுது, ரொம்ப சீக்கிரமே முறிஞ்சு போன ஜோடிகள்ல இருந்த பிள்ளைங்க சில விஷயங்கள்ல முன்னாடி இருந்ததை விட கீழ போயிருந்தாங்க. அதாவது பாதியில விட்டா சும்மா வீணாப் போறதோட முடியல, பிள்ளைக்கு அடி விழுது. தன் மேல இருந்த கொஞ்ச நஞ்ச மதிப்பும் குறையுது, "நம்மகிட்டதான் ஏதோ சரியில்ல, அதான் வரல"ன்னு அது தானே ஒரு காரணம் கண்டுபிடிச்சுக்குது.

பள்ளிக்குள்ளேயே நடக்குற மென்டரிங் இன்னும் சிக்கல், ஏன்னா அது கல்வி ஆண்டோட கட்டிப்போட்டது. 2007-ல அமெரிக்காவுல கார்லா ஹெரேராவும் கூட இருந்தவங்களும் வெளியிட்ட ஆய்வு, 1,139 பிள்ளைங்க, முதல் வருஷ கடைசியில படிப்புல முன்னேற்றம் தெரிஞ்சுது, அடுத்த வருஷம் திரும்பிப் பாத்தா அதுல பெரும்பாலானது காணோம். ஜோடிகள் சராசரியா அஞ்சு மாசம் சொச்சம்தான் ஓடியிருக்கு. நம்ம பக்கம் எப்படி நடக்குதுன்னு யோசிங்க, ஸ்கூல் திறந்து ஆள் தேர்வு, பயிற்சி, தொடக்க விழா எல்லாம் முடியவே ரெண்டு மூணு மாசம், அப்புறம் பரீட்சை, லீவு, திரும்ப பரீட்சை, கடைசியில உருப்படியா கைல இருக்குறது சில மாசம்தான். அதோட பெரிய லீவு வந்துடுது. லீவுலதான் பிள்ளைங்க ரொம்ப தனியா இருக்குது, அந்த நேரத்துல மென்டர் ஒரு போன், ஒரு லெட்டர் போட்டாக்கூட உறவு நிக்கும், ஆனா உங்க பட்ஜெட் பரீட்சையோட முடிஞ்சிடுது.

அடுத்தது நீங்க மென்டர்களுக்கு என்ன சொல்லி அனுப்புறீங்கன்றது. முதல் வாரத்துலயே "மார்க் எவ்ளோ, லட்சியம் என்ன, ஏன் லீவு போட்ட"ன்னு ஒரு படிவத்தை எடுத்து வெச்சுக்கிட்டு கேக்குறாங்க, பிள்ளை "தெரியல" "ம்" ன்னு ரெண்டே வார்த்தையில பதில் சொல்லிட்டு மேஜையைச் சுரண்டிக்கிட்டு இருக்கு, மூணாவது வாரம் மென்டர் வந்து என்கிட்ட "இந்தப் பிள்ளைக்கு இன்ட்ரெஸ்ட்டே இல்ல போல"ன்னு சொல்றாங்க. இன்ட்ரெஸ்ட் இல்லாம இல்லைங்க, நீங்க இருப்பீங்களா போயிடுவீங்களான்னு அது ஆழம் பாக்குது. 1995-லயே மாரோ, ஸ்டைல்ஸ்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 82 ஜோடிகளை கிட்ட இருந்து கவனிச்சாங்க. வந்த உடனே பிள்ளையைத் திருத்தணும்னு தன் போக்குல இறங்கின மென்டர்களோட ஜோடிகள்ல ரொம்பப்பேர் பிரிஞ்சுட்டாங்க, பிள்ளைக்கு என்ன பிடிக்கும்னு கேட்டு அது போக்குல போய் முதல்ல நம்பிக்கை வர காத்திருந்தவங்க பெரும்பாலும் நீடிச்சாங்க. அப்படி நீடிச்சவங்ககிட்டதான் பிள்ளைங்க அப்புறமா தானாவே வீட்டுக் கஷ்டத்தையும் ஸ்கூல் பயத்தையும் வாய் விட்டு சொல்லுது. அதனால மூணு மாசத்துல மார்க் ஏறிச்சான்னு கேக்குற உங்க ரிப்போர்ட் இருக்கே, அதுதான் மென்டரை அவசரப்படுத்தி ஜோடியையே உடைக்குது.

இதுக்கெல்லாம் ஆள் வேணும். தன்னார்வலர் வரணும்னா அவங்களை தாங்கிப்பிடிக்க சம்பளம் வாங்குற ஒரு ஒருங்கிணைப்பாளர் பள்ளியிலயே இருக்கணும், மென்டர் வரலன்னா அன்னிக்கே பிள்ளைகிட்ட போய் சொல்ல, மென்டர் சோர்ந்து போனா பேச, ஒத்துவராத ஜோடியை சீக்கிரமே கவனிக்க. ஒருத்தரே பத்து ஸ்கூலுக்கு ஓடிக்கிட்டு இருந்தா அது நடக்காது. சிகாகோவுல பிகமிங் எ மேன்னு ஒரு திட்டம், பையன்களை சின்னச் சின்ன குழுவா ஸ்கூல் நேரத்துலயே வாரா வாரம் உக்கார வெச்சுப் பேசுறது, நடத்துறவங்க சம்பளத்துக்கு வேலை செய்யுற ஆளுங்க. குலுக்கல் முறையில சோதிச்சுப் பாத்ததுல திட்டம் நடந்த காலத்துல வன்முறைக் குற்றத்துக்காக கைதாகுறது 45-லருந்து 50 சதவீதம் வரைக்கும் குறைஞ்சிருந்துது. அதுல தனித்தனி மென்டர் கிடையாது, அது வேற மாதிரி முறை, ஆனா வாரா வாரம் அதே ஆள் அதே ரூம்ல இருப்பார்னு பையனுக்குத் தெரியும். தொடக்க விழாவுக்கும் பேனருக்கும் டி-ஷர்ட்டுக்கும் போற காசை கூட்டிப் பாருங்க, ஒரு ஒருங்கிணைப்பாளர் சம்பளத்துல நல்ல பங்கு அதுலயே தேறும்.

பாதுகாப்பு பத்தி நீட்டி சொல்ல வேண்டியதில்ல. போலீஸ் சரிபார்ப்பு இல்லாத யாரையும் பிள்ளையோட தனியா உக்கார வைக்காதீங்க, சந்திப்பு கதவு திறந்த ரூம்ல நடக்கட்டும், புகார் யார்கிட்ட சொல்லணும்னு பிள்ளைக்கே தெரிஞ்சிருக்கணும். இதுல பேரத்துக்கு இடமே இல்ல.

நல்ல மனசு மட்டும் போதும்னு நினைக்கிறவங்களுக்கு இன்னொண்ணு. 1939-ல அமெரிக்காவுல மாசசூசெட்ஸ் மாநிலத்துல கேம்பிரிட்ஜ், சோமர்வில்னு ரெண்டு ஊர்ல 506 பையன்களை எடுத்து, பாதிப்பேருக்கு வீட்டுக்கே வந்து பாக்குற ஆலோசகர், படிப்பு உதவி, மருத்துவம்னு 1945 வரைக்கும் செஞ்சாங்க. ஜோன் மெக்கார்ட்னு ஒரு ஆராய்ச்சியாளர் 30 வருஷம் கழிச்சு அவங்களைத் தேடிப்பிடிச்சு 1978-ல எழுதினாங்க, உதவி கெடச்சவங்க கெடைக்காதவங்களை விட சில விஷயங்கள்ல மோசமா இருந்தாங்க. ஏன்னு இன்னும் விவாதம் நடக்குது, உதவிக்காரங்க மேல ரொம்ப எதிர்பார்ப்பு வெச்சுட்டு அது திடீர்னு நின்னதுனாலயா இருக்கலாம்னு மெக்கார்ட்டே ஒரு விளக்கம் சொன்னாங்க. இத்தனை வருஷம் நீடிச்ச உதவியே அப்படி முடியலாம்னா, எப்படி முடிக்கிறோம்னு நாம எவ்ளோ யோசிக்கணும்!

ஆமா, எல்லா உறவும் என்னிக்காவது முடியும், பிள்ளைக்கும் அது புரியும். மென்டர் போறதா இருந்தா ஒரு மாசம் முன்னாடியே சொல்லட்டும், கடைசி சந்திப்பு எதுன்னு தேதி தெரியட்டும், நேர்ல வந்து என்ன காரணம்னு உண்மையை சொல்லி விடைபெறட்டும். "பாக்கலாம், வருவேன்"னு சொல்லிட்டு வராம இருக்குறதுதான் கொடுமை.

அடுத்த வருஷத்துக்கு நிதி கேட்டு நீங்க அனுப்புற விண்ணப்பத்துல முதல் கேள்வியே எத்தனை மாணவர்கள் பயனடைவாங்கன்னுதான் இருக்கு. ஐநூறுன்னு எழுதினா கெடைக்குது, நாப்பதுன்னு எழுதினா கெடைக்கல. நிதி குடுக்குறவங்களே, அந்தக் கேள்விக்கு கீழ இன்னொரு கேள்வி சேருங்க: போன வருஷம் சேத்து வெச்ச ஜோடிகள்ல எத்தனை ஜோடி வருஷக் கடைசி வரைக்கும் அதே ஆளோட சந்திச்சாங்க, முறிஞ்ச ஜோடிகள்ல எத்தனை பிள்ளைக்கு நேர்ல சொல்லிட்டு போனாங்க. கல்வி அதிகாரிகளே, அந்த பதில் கைக்கு வராம எங்க பள்ளி கேட்டைத் திறந்து விடாதீங்க. நாப்பது பிள்ளைங்கதான் முடியும்னா நாப்பது போதும், மீதிப்பேருக்கு என்ன செய்யலாம்னு எங்களையும் கூப்பிட்டு உக்காந்து பேசுங்க, நாங்க வர்றோம்.

இப்படிக்கு,
வகுப்பறையில இருந்து ஒரு டீச்சர்