எங்களுக்காக ஏசியை அணைத்தவர்களுக்கு

அன்புள்ள நண்பர்களுக்கு,

அத்தையைப் பத்திரமாக வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டோம். நேற்று ரசம் சாதம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அமெரிக்காவில் யூட்டா மாநிலத்து மோவாபில், டிரெய்லர் வண்டிகளை வரிசையாக நிறுத்தித் தங்கும் முகாமில் நாங்கள் இருந்தபோது அத்தையை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டி வந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதைத் திரும்பச் சொல்ல எனக்கு இன்னும் தெம்பு வரவில்லை, நன்றி மட்டும் சொல்லிவிடுகிறேன்.

முதல் நன்றி பக்கத்து வண்டிப் பெரியவருக்கு. அவருக்கு ஆங்கிலத்தில் தனியாக எழுதி அனுப்பியாச்சு. ஆனாலும் அவர் செய்தது நம் ஆட்களுக்குத் தெரிய வேண்டும்.

ஆஸ்பத்திரியிலிருந்து அத்தையைக் கூட்டி வந்து டிரெய்லரில் படுக்க வைத்த அன்று சாயங்காலம். ஜூலை மாத யூட்டா வெயில், 100 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல். இரண்டு நாளைக்குப் பயணம் கூடாது, உடம்பு சூடாகக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஊரில் ஹோட்டல் அறை கிடைக்கவில்லை. எங்கள் டிரெய்லரில் ஜெனரேட்டரும் கிடையாது. பக்கத்தில் இருக்கிற ஆர்ச்சஸ் தேசியப் பூங்காவைப் பார்த்துவிட்டு முகாமில் எல்லோரும் திரும்பி ஏசி போட்ட நேரத்தில் எங்கள் ஏசி உறுமுவதும் நிற்பதுமாக இருந்தது.

அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் பெரியவர் வந்தார். கையில் பிளக்கில் செருகுகிற சின்ன வோல்டேஜ் மீட்டர். அனுமதி கேட்டு உள்ளே வந்து செருகினார். அமெரிக்காவில் 120 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 102. உடனே ஏசியை அணைக்கச் சொன்னார். வோல்டேஜ் குறைந்தால் கம்ப்ரசர் குறைவாக இழுக்காது, அதிகமாகத்தான் கரண்டை இழுக்கும், சுருள் சூடாகிக் கருகிவிடும் என்றார். வெளியே கரண்ட் பெட்டியில் எங்கள் பிளக்கைத் தொட்டுப் பார்த்தார். அதுவும் நன்றாகவே சுட்டது.

வோல்டேஜை ஏற்றிக் கொடுக்கும் ஆட்டோட்ரான்ஸ்ஃபார்மர் எங்காவது கிடைக்குமா என்று என் கணவர் கேட்டார். கிடைத்தால் உங்கள் வண்டிக்கு 10 சதவீதம் ஏறும், ஆனால் அது எல்லா வண்டிக்கும் பொதுவான அந்த லைனிலிருந்து இன்னும் அதிகக் கரண்டை இழுக்கும், கடைசியில் இருக்கிற வண்டிகளுக்கு இன்னும் குறையும் என்றார் பெரியவர். அப்புறம் தன் வண்டிக்குப் போய் இரண்டு ஏசியையும் அணைத்தார்.

மீட்டரில் 104.

அதோடு அவர் நிற்கவில்லை. அந்த வரிசை முழுக்க ஒவ்வொரு கதவாகத் தட்டினார். வாட்டர் ஹீட்டரையும் ஃபிரிட்ஜையும் கரண்டிலிருந்து கேஸுக்கு மாற்றுங்கள், மைக்ரோவேவ் வேண்டாம், முடிந்தவர்கள் இருட்டும் வரை ஏசியை நிறுத்துங்கள் என்று கேட்டிருக்கிறார். நான் அத்தைக்கு விசிறிக்கொண்டே மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 106. 107. பிறகு 110. ஒவ்வொரு எண்ணும் முகம் தெரியாத யாரோ ஒருவர் எங்களுக்காக ஒரு சுவிட்சைத் தட்டியதால் ஏறியது. அந்த அரை மணி நேரத்தை என்னால் மறக்க முடியாது.

அவர் திரும்பி வந்து, இப்போது போடுங்கள் என்றார். ஏசி ஓடியது. எண் 109-இல் நின்றது. அவரும் அவர் மனைவியும் கழுத்தில் ஈரத் துண்டைச் சுற்றிக்கொண்டு, பொழுது சாயும் வரை வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். எழுபது வயதுக்கு மேற்பட்டவர்கள். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை, ஆள் சேர்ந்தால் உங்கள் வண்டி சூடாகும் என்று சொல்லிவிட்டார்கள்.

அந்த வரிசையில் இருந்த மற்ற எல்லோருக்கும், ஐஸ் கொண்டு வந்த பையனுக்கும், ஆஸ்பத்திரி நர்சுகளுக்கும், டென்வரிலிருந்து இரவோடு இரவாகச் சாப்பாட்டோடு வந்த தம்பிக்கும், வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்ட அக்காவுக்கும், தினமும் போனில் விசாரித்த உங்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இனி எங்கு போய் நிறுத்தினாலும் மீட்டரைச் செருகிப் பார்த்த பிறகுதான் ஏசி. 108-க்குக் கீழே போனால் எங்கள் சுவிட்ச்தான் முதலில் அணையும். பக்கத்து வண்டியில் குழந்தையோ பெரியவர்களோ இருக்கிறார்களா என்று போய்க் கேட்பேன். இதை அத்தையிடமும் சொல்லிவிட்டேன்.

பெரியவரும் அந்த அம்மாவும் செப்டம்பரில் எங்கள் ஊர் வழியாகப் போகிறார்களாம். எங்கள் வாசலில்தான் வண்டியை நிறுத்த வேண்டும் என்று கேட்டுக்கொண்டோம், சரி என்றிருக்கிறார்கள். அவர்களுக்காக 50 ஆம்ப் பிளக் போட எலக்ட்ரீஷியனிடம் பேசியாச்சு.