ஓரத்தில் ஒரு நீல உருண்டை

அன்புள்ள சுந்தரம்,

உங்கள் அப்பாவின் டைரிகளை முழுக்கத் தட்டச்சு செய்து முடித்துவிட்டாய் என்று படித்ததும் கண் கலங்கிவிட்டது. நம் பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த அன்று என்ன எழுதியிருக்கிறார் என்று பார்த்துச் சொல்.

கையெழுத்து புரியாத இடத்திலெல்லாம் மூன்று கேள்விக்குறி போட்டிருப்பதாக எழுதியிருந்தாயே, அதுதான் பயமாக இருக்கிறது. நானும் அப்படிச் செய்தவன்தான். ஒரு மலருக்கு மெய்ப்புப் பார்த்தபோது, எனக்காக நடுவில் தட்டிவைத்த 'இதைப் பார்க்கவும்' அப்படியே அச்சாகிவிட்டது. ஒரு வாரம் சோறு இறங்கவில்லை.

நீ தட்டச்சு செய்வது நோட்பேட் பிளஸ் பிளஸ் மென்பொருளில்தானே? சந்தேகமான வரியில் கர்சரை வைத்து கண்ட்ரோலையும் எஃப்2-வையும் சேர்த்து அழுத்து. இடது ஓரத்தில் சின்ன நீல உருண்டை ஒன்று வந்து உட்காரும். 'புக்மார்க்' என்பது இந்தக் குறிதான். அப்பா எழுதியதில் ஓர் எழுத்துகூட மாறாது. மேலே பத்து வரி சேர்த்தாலும் உருண்டை தன் வரியோடே இறங்கிவிடும். வரி எண்ணைக் காகிதத்தில் குறித்தால் அது நடக்குமா? வெறும் எஃப்2 அடுத்த குறிக்குக் கொண்டுபோகும், ஷிஃப்ட்டோடு அழுத்தினால் முந்தையதற்கு. சந்தேகம் தீர்ந்ததும் மறுபடி கண்ட்ரோல் எஃப்2, உருண்டை மறைந்துவிடும்.

போட்டுவிட்ட கேள்விக்குறிகளுக்கும் வழி இருக்கிறது. தேடும் பெட்டியில் 'மார்க்' பக்கத்துக்குப் போய் மூன்று கேள்விக்குறியைக் கொடு. தேடும் முறை 'நார்மல்' ஆக இருக்கட்டும். 'புக்மார்க் லைன்' டிக் செய்து 'மார்க் ஆல்' அழுத்து. எல்லா வரியிலும் உருண்டை விழுந்தபின் 'ரீப்ளேஸ்' வழியாகக் கேள்விக்குறிகளை அழித்துவிடு. அப்பாவே எங்காவது அப்படி எழுதியிருக்கிறாரா என்று முதலில் பார்த்துக்கொள்.

ஒன்றை மறக்காதே. இந்தக் குறிகள் கோப்புக்குள் இருப்பவை அல்ல. டேபை மூடினால் போய்விடும். கோப்பை எனக்கு அனுப்பினாலும் கூடவே வராது. வேலை முடியும்வரை டேபைத் திறந்தே வை.

'சர்ச்' மெனுவில் 'புக்மார்க்' என்பதற்குள் 'காப்பி புக்மார்க்டு லைன்ஸ்' இருக்கும். குறி வைத்த வரிகள் மட்டும் நகலாகும். அதே பட்டியலில் 'ரிமூவ்' என்று தொடங்குபவை வரிகளையே அழித்துவிடும், அந்தப் பக்கம் கை போகவேண்டாம். நகலெடுத்த வரிகளை, அந்தந்தப் பக்கத்தின் படத்தோடு எனக்கு அனுப்பு. உங்கள் அப்பாவின் கையெழுத்து எனக்கும் பழக்கம்தானே, உட்கார்ந்து படித்துவிடலாம்.

அன்புடன்,
ராகவன்