ஓடைப் பாதுகாப்புச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, சங்க உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம். கடந்த ஓராண்டில் நம் சங்கம் ஆற்றிய பணிகளை இப்பொதுக்குழுவின் முன் பணிவுடன் வைக்கிறேன்.

இவ்வாண்டு நம் உழைப்பின் பெரும்பகுதி ஓடைக்கரையில் அன்றி, ஓடைக்கு நீர் தரும் மேட்டுநிலங்களிலேயே செலவாயிற்று. உறுப்பினர் சிலர் இது குறித்துக் கேள்வி எழுப்பியதால், காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். மழை ஓய்ந்து பல வாரங்கள் கழிந்த பின்னும் ஓடையில் ஓடுவது, சரிவுகளில் மண்ணுக்குள் இறங்கி, மெல்லக் கசிந்து, ஓடையின் அடியிலும் கரையோரத்திலும் ஊற்றாக வெளிப்படும் நீரே. ஒரு ஹெக்டேர் நிலத்தில் 1 மி.மீ. மழை பெய்தால் விழும் நீர் 10,000 லிட்டர், 50 மி.மீ. பெய்தால் 5 லட்சம் லிட்டர். அதில் எவ்வளவு மண்ணுக்குள் இறங்கும், எவ்வளவு மேல்மண்ணை வாரிக்கொண்டு ஒரே இரவில் ஓடிவிடும் என்பது மண்ணின் தன்மையையும் சரிவையும் மழையின் வேகத்தையும் பொறுத்தது. இவற்றை நாம் மாற்ற முடியாது. ஆனால் நிலத்தின் மேல் புல்லும் மரமும் வரப்பும் இருப்பது நம் கையில் உள்ளது.

ஆகவே சிற்றோடைகள் தொடங்கும் உச்சிப் பகுதியிலிருந்து கீழ்நோக்கிப் பணி செய்தோம். அரிப்புப் பள்ளங்களின் குறுக்கே கற்களை அடுக்கித் தடுப்புகள் அமைத்தோம். வெற்றுச் சரிவுகளில், சரிவுக்குக் குறுக்காக ஒரே மட்டத்தில் செல்லும் சம உயர வரப்புகள் எடுத்துப் புல் விதைத்தோம். மேலே நீரின் வேகம் குறையாத நிலையில் கீழே கட்டும் தடுப்பு முதல் பெருமழையிலேயே வண்டலால் நிரம்பும் அல்லது பெயர்ந்துவிடும். சரிவுக்குக் குறுக்காக உழ இசைந்த விவசாயிகளுக்குச் சங்கம் மிகவும் கடமைப்பட்டிருக்கிறது. அவர்கள் ஒத்துழைப்பு இன்றி மற்ற எதுவும் நிலைத்திருக்காது.

கரையோரத்தில் உழவு செய்யாமல் விடப்பட்ட பட்டையில் உள்ளூர் மரங்களையும் புதர்களையும் நட்டோம். வேர்கள் கரையைப் பிடித்துக்கொள்வதோடு, வயல்களிலிருந்து வரும் வண்டலும் உரச்சத்தும் ஓடையை அடையுமுன் அந்தப் பட்டையில் பெருமளவு தங்கிவிடுகின்றன. நீர் சூடேறாமல் காக்கும் மர நிழலின் பயனும் சிறிதன்று. 20 பாகை செல்சியஸ் நீர் லிட்டருக்கு ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்திருக்கும். 30 பாகையில் அது ஏறத்தாழ 7.5 மில்லிகிராமாகக் குறைந்துவிடும். கோடையில் மீன்கள் திணறுவதற்கு இதுவும் ஒரு காரணம். கால்நடைகள் நீர் அருந்தக் கல் பாவிய ஒரே இறங்குதுறையை ஒதுக்கி, மற்ற இடங்களில் கரை மிதிபடாமல் காத்து வருகிறோம்.

ஓடையை நேராக்கி அகலப்படுத்த வேண்டும் என்ற கோரிக்கையைச் செயற்குழு நீண்ட நேரம் விவாதித்து, ஏற்பதற்கில்லை என முடிவு செய்தது. வெள்ளம் வயலில் ஏறியதால் இழப்புக்கு உள்ளானவர்களின் வருத்தம் நியாயமானது. அதை நான் முழு மனத்துடன் மதிக்கிறேன். ஆயினும் வளைவுகளை நீக்கினால் நீரின் பாதை சுருங்கி, சரிவு கூடி, வேகம் மிகும். அடிப்பகுதி ஆழமாக அரிக்கப்படும். வெள்ளம் மேலும் விரைவாகக் கீழே உள்ளவர்களைத் தாக்கும். ஓடையின் அடிமட்டம் தாழ்ந்தால் அருகிலுள்ள கிணறுகளின் நீர்மட்டமும் தாழக்கூடும். அவ்வயல்களுக்கு மேலே உள்ள சரிவுகளில் பணியை விரைவுபடுத்துவதே சரியான உதவி என்பது என் உறுதியான கருத்து.

நீரோட்ட அளவீட்டை மாணவர்கள் பொறுப்பேற்று நடத்துகின்றனர். மிதவையின் வேகத்தை ஓடையின் அகலம், சராசரி ஆழம் ஆகியவற்றால் பெருக்கி, மேற்பரப்பு நீர் அடிநீரைவிட வேகமாக ஓடுவதால் 0.85 என்ற திருத்த எண்ணாலும் பெருக்கிக் கணக்கிடுகின்றனர். கற்களுக்கு அடியில் வாழும் பூச்சிகளின் இளவுயிரிகளையும் பதிவு செய்கின்றனர். மேஃபிளை, ஸ்டோன்ஃபிளை போன்றவை மாசு மிகுந்த நீரில் பெரும்பாலும் தங்குவதில்லை. நல்ல மழை பெய்த ஓர் ஆண்டின் அளவை மட்டும் கொண்டு நம் பணி வென்றது என்று சொல்லிவிட முடியாது என்பதால், இப்பதிவு பல ஆண்டுகள் இடைவிடாமல் தொடர வேண்டும்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். வரும் ஆண்டில் கல் தடுப்புகளைப் பழுதுபார்ப்பதற்கும், பட்டுப்போன கன்றுகளுக்கு மாற்றாகப் புதியவை நடுவதற்கும் முதலிடம் தர வேண்டும் எனச் செயற்குழு பரிந்துரைக்கிறது. இப்பரிந்துரைக்கும் இவ்வறிக்கைக்கும் ஒப்புதல் வழங்குமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்