என் மகளிடம் நானே பேசிக்கொள்கிறேன், அக்கா

அக்கா,

புடவை எடுக்கப் போன அன்று, "கல்யாணத்துக்கு முன்னாடி அவகிட்ட பேச வேண்டியதை நான் பேசிக்கறேன், நீ கூச்சப்படாத" என்றாய். வேண்டாம் அக்கா. நானே பேசிக்கொள்கிறேன். நேரில் சொன்னால் பேச்சை மாற்றிவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். நாலு பேர் பார்க்கிற இடத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள். உன் பெயரும் ஊரும் இதில் இல்லை. ஆனால் நீ என்னிடம் சொன்னதையே எத்தனையோ வீடுகளில் அக்காக்கள் சொல்லி அனுப்புகிறார்கள். அவர்களும் படிக்கட்டும்.

உனக்குக் கர்ப்பப்பை எடுத்த மறுநாள். நாற்பதுகூட ஆகவில்லை. நான் கட்டில் ஓரமாக உட்கார்ந்து கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தேன். தையல் வலியில் திரும்பிப் படுக்க முடியாத நீ என் கையைப் பிடித்து, "அப்பாடா, இனிமே அந்தத் தொல்லை இல்லடி" என்று சிரித்தாய். மாதவிடாயைச் சொல்கிறாய் என்றுதான் முதலில் நினைத்தேன். "அவர்கிட்ட டாக்டரம்மாவே சொல்லிட்டாங்க, கிட்ட வரக் கூடாதுன்னு" என்றபோது கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். டாக்டர் சொன்னது ஆறு வாரத்துக்கு. நீ அதை ஆயுசுக்கும் ஆக்கிக்கொண்டாய். வயிற்றைக் கிழித்துத் தைத்த மறுநாள் ஒரு பெண் நிம்மதியாகச் சிரிக்கிறாள் என்றால், அதற்கு முந்தின ராத்திரிகள் எப்படி இருந்திருக்கும்?

மாமாவும் இதைப் படிக்கக்கூடும். அவரைக் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. இதற்கு மேல் இங்கே வேண்டாம்.

ஆனால் கோபம் வருகிறது அக்கா. உனக்கே அப்படி இருந்தும், 1997ல் எனக்குப் பூ வைத்துவிட்டு, "பல்லைக் கடிச்சிக்கோ, பழகிடும்" என்றுதானே அனுப்பினாய்? பழகவில்லை. பயத்தில் அந்த இடத்துத் தசை தானாக இறுகிக்கொள்ளும். இறுகினால் எரியும். எரிந்தால் அடுத்த முறை இன்னும் பயம். இதற்கு வெஜைனிஸ்மஸ் என்று பெயர் இருப்பதும், தசையைத் தளர்த்தப் பழக்குகிற பிசியோதெரபி இருப்பதும் ரொம்ப வருஷம் கழித்து ஒரு லேடி டாக்டர் சொல்லித்தான் தெரிந்தது. வலி போன பிறகுதான் எனக்கும் ஆசை என்று ஒன்று இருப்பதே தெரிந்தது. இந்த வரியை எழுதக் கூசுகிறது. இருந்தாலும் அழிக்கவில்லை.

பாவம், உனக்கு மட்டும் யார் சொல்லிக்கொடுத்தார்கள்? அம்மா போன பிறகு எனக்கு அம்மா நீதான். உனக்கு யாரும் இல்லை. பெண்ணுக்குச் சுகம் தருகிற உறுப்பு கிளிட்டோரிஸ். அதன் பெரும்பகுதி வெளியே தெரியாமல் உடம்புக்குள் இருக்கிறது. பாடப்புத்தகங்களே அதைச் சரியாகக் காட்டவில்லை. ஹெலன் ஓகானல் என்ற ஆஸ்திரேலிய டாக்டர் அதை விளக்கி எழுதியது 1998ல், என் கல்யாணத்துக்கு மறுவருஷம். டாக்டர்கள் கதையே அப்படி என்றால் நீ என்ன செய்வாய்?

மகளிடம் சொல்லப்போவது இதுதான். முதல் நாளே எல்லாம் நடந்தாக வேண்டியதில்லை. ரத்தம் வந்தே தீர வேண்டும் என்பதும் இல்லை. ஆசை எப்போதும் முன்னால் வந்து நிற்காது; பேச்சு, தொடுதல், சிரிப்பு எல்லாம் ஆன பிறகு மெதுவாகவும் வரும். வராத அன்று வேண்டாம் என்று சொல்லலாம். வலித்தால் நிறுத்தச் சொல்ல வேண்டும், பல்லைக் கடிக்கக் கூடாது. மாப்பிள்ளையும் இதைத் தெரிந்துகொள்ளட்டும்.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். ஆபரேஷன் டிஸ்சார்ஜ் சம்மரி பீரோவில்தான் இருக்கும். கர்ப்பப்பையோடு சினைப்பையையும் எடுத்தார்களா என்று அதில் எழுதியிருப்பார்கள். இரண்டு பக்கமும் எடுத்திருந்தால் அன்றைக்கே உனக்கு ஈஸ்ட்ரோஜன் என்கிற பெண் ஹார்மோன் குறைந்திருக்கும். இத்தனை வருஷமாக உடம்புச் சூடு என்று இளநீர் குடிக்கிறாயே, அந்த எரிச்சல், அந்த ஹார்மோன் குறைந்து பிறப்புறுப்பில் வருகிற வறட்சியாலும் இருக்கலாம். அதற்கு உள்ளே தடவுகிற க்ரீம் இருக்கிறது, டாக்டர் பார்த்து எழுதித் தருவார். மாமாவுக்காக இல்லை, உனக்காக. சம்மரியை எடுத்து வை. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், சேர்ந்தே டாக்டரிடம் போவோம்.

உன் தங்கை