சனி ஒன்று, பெயர்ச்சி இரண்டா?

ஆசிரியர் அவர்களுக்கு,

சனிப்பெயர்ச்சிப் பலன்களை நாளிதழ்கள் இரண்டு தேதிகளுக்கு வெளியிடுகின்றன. வானில் கிரகங்கள் இருக்கும் இடத்தோடு ஒத்துப்போகும்படி திருத்திய திருக்கணிதப் பஞ்சாங்கப்படி 2025 மார்ச் 29. பழைய சூத்திரங்களை அப்படியே பின்பற்றும் வாக்கியப் பஞ்சாங்கப்படி 2026 மார்ச் 6. இடையில் ஏன் ஏறத்தாழ ஓராண்டு என்பதற்கு ஒரு வரி விளக்கம்கூட இல்லை. எங்கள் தெருவில் உள்ள மேஷ ராசிக்காரர் தமக்கு ஏழரை தொடங்கிவிட்டதா என்று தெரியாமல், எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு முறையும் பரிகாரம் செய்கிறார். தட்சிணையும் இரட்டிப்பு.

நான் சனிக்கிழமை விரதம் இருப்பவள். நாத்திகம் பேச வரவில்லை. திருநள்ளாறு வாக்கியத்தைப் பின்பற்றுவது அந்தக் கோயிலின் மரபு. விழாவை எந்நாளில் நடத்துவது என்பதில் எனக்கு வழக்கே இல்லை. ஆனால் 'இன்று சனி மீனத்துக்குள் நுழைகிறார்' என்பது வானத்தைப் பற்றிய கூற்று. அதைச் சரிபார்க்கலாம்.

சரிபார்த்தால், வாக்கியம் சொல்லும் அந்த நாளில் வானத்துச் சனி மீனத்துக்குள் ஏற்கெனவே சுமார் 8 பாகை (டிகிரி) கடந்து நிற்கிறார். அந்த இடைவெளியில் முழுநிலவுகளை ஒட்டி ஒட்டி வைத்தால் பதினாறு அடங்கும்! கிரகணத்தில் இப்படிப் பிசகினால் ஊரே அண்ணாந்து பார்த்துச் சிரித்திருக்கும். ராசிகளுக்கு நடுவே வானத்தில் யாரும் வேலி போட்டு வைக்கவில்லை என்பதால் சனியின் பிசகு கண்ணில் படாமல் தப்பிக்கிறது.

கணக்கைத் திருத்துவது சாஸ்திர விரோதம் என்பவர்கள் அந்தச் சாஸ்திரத்தின் வரலாற்றைப் படிக்க வேண்டும். கேரளத்து வானியலாளர் பரமேசுவரர் பல்லாண்டுகள் கிரகணங்களைக் கண்ணால் பார்த்துக் குறித்துவைத்து, பழைய கணக்கைத் திருத்தி 1431இல் 'திருக்கணிதம்' இயற்றினார். பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பத்தில் பிறந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி சென்னை வானாய்வகத்தில் பணியாற்றினார். ஒளி மாறும் விண்மீன் ஒன்றை 1867இல் கண்டறிந்தார். திருக்கணிதப் பஞ்சாங்கத்தை அச்சிட்டு வெளியிட்டவரும் அவரே. காலையில் பெருமாள், இரவில் தொலைநோக்கி என்று வாழ்வதில் அவருக்கு எந்தச் சங்கடமும் இருந்ததாகத் தெரியவில்லை. சங்கடமெல்லாம் நமக்குத்தான்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். பெயர்ச்சிப் பலன் வெளியிடும்போது அது எந்தப் பஞ்சாங்கம் என்பதையும், அன்றிரவு சனி உண்மையில் எந்தப் பாகையில் இருக்கிறது என்பதையும் தலைப்புக்குக் கீழே அச்சிடுங்கள். எள் விளக்கு விளம்பரத்தில் ஒரு அங்குலம் குறைத்தால் இடம் கிடைத்துவிடும்.

– ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியை,
மயிலாடுதுறை