சேணத்தின் சுகம் அடித்தோலில் இருக்கிறது

ஆசிரியருக்கு வணக்கம். அந்தியூர் குதிரைச் சந்தை பற்றிய உங்கள் செய்தியில் சேணத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே என்று வருத்தமாக இருந்தது. ஆந்திர எல்லையை ஒட்டிய பேரணாம்பட்டில் தோல் வேலை செய்கிறவன் நான். மேலே பஞ்சு திணித்தால் உட்கார சுகமாக இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள், அது தப்பு. மரச்சட்டத்தின் மேல் ஆவாரம்பட்டையில் பதனிட்ட கெட்டித்தோலை அடுக்கடுக்காக ஒட்டி, ஓரங்களைக் காகிதம்போலச் சீவி, இடுப்பெலும்பு பதிகிற இடம் லேசான பள்ளமாகவும் தொடை இறங்குகிற இடம் ஒடுக்கமாகவும் வரும்வரை செதுக்க வேண்டும். இதுதான் அடித்தோல், அப்புறம்தான் மேல்தோல். அதை நனைத்து, நிறம் திரும்ப வெளுக்கத் தொடங்கும்போது இழுத்து உள்ளங்கையால் தேய்த்துப் படியவைத்து நிழலில் காயவிட வேண்டும். என் முதல் சேணத்தில் ஓர் ஓரத்தைச் சரியாகச் சீவாமல் விட்டேன், சவாரி செய்தவருக்குத் தொடை கன்றிப்போனது, இன்றும் மனசு உறுத்துகிறது. இந்த வேலை தெரிந்தவர்களைப் பற்றியும் எழுதுங்கள்.

– ஒரு வாசகர், பேரணாம்பட்டு