ஒரு கண்ணுக்கு ஒரு நிறம்

ஹம், ஜேர்மனி
ஒக்டோபர், ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மச்சான் குணா,

உன்ரை கடிதம் வந்து கனநாள். பதில் போடாததுக்குத் திட்டப்போறாய், திட்டு. ஆனால் இந்தமுறை என்ரை பக்கம் நியாயம் இருக்கு. இடக்கண்ணில கற்றரக்ட் ஒப்பரேசன் முடிஞ்சுது. பயப்பிடாதை, எல்லாம் நல்லபடி. வலக்கண்ணுக்கு அடுத்த மாதம். வசந்தி சுகம், பிள்ளையள் சுகம். தேரண்டைக்கு வழக்கம்போல மழை. சின்னராசு அண்ணை இன்னும் அதே ஜக்கெற்றோடைதான். ஊர்ப்புதினம் அவ்வளவுதான், இனி விசயத்துக்கு வாறன்.

வயசு போகப் போகக் கண்ணுக்குள்ளை இருக்கிற வில்லை மஞ்சளாகிப் போகுமாம். நீலத்தை அது மறிச்சு வைச்சிடும். அதை எடுத்துப்போட்டுப் புது வில்லை வைச்சவுடனை நீலம் திரும்பி வரும் எண்டு டொக்டர் முதலே சொன்னவர். இதைக் கேட்டவுடனை உனக்கு என்ன ஞாபகம் வரும்? எனக்கு 110 தான் வந்தது, எங்கடை குட்டி ரயில் சேகரிப்பில இருக்கிற அந்த நீல எஞ்சின். கட்டு அவிழ்த்த கையோடை அலுமாரியைத் திறந்து, ஒவ்வொரு எஞ்சினா மேசையில வைச்சு, ஒரு கண்ணைப் பொத்திப் பார்க்கிறதும் மற்றக் கண்ணைப் பொத்திப் பார்க்கிறதுமா இருந்தன். வசந்தி கோயில் ஐயரை வீட்டுக்குக் கூப்பிடப் போனாள்.

மச்சான், உண்மையா ரெண்டு வேறை எஞ்சின்! 1974 இல மேற்கு ஜேர்மனி ரயில்வே, அதுதான் பண்டெஸ்பான், கொண்டுவந்த அந்த நிறச் சோடி உனக்குத் தெரியும்தானே. மேலை கடல்நீலம், கீழை கிரீம். நாங்கள் வந்து இறங்கேக்கை தங்கின ஹைம் யன்னலால பார்த்தால் அதுதான் போய்க்கொண்டிருக்கும். நீ அதுக்கு வைச்ச பேரை இங்கை எழுத ஏலாது. RAL எண்ட நிற நம்பர் பட்டியலில அந்த 5020 பச்சை கலந்த கரு நீலம்தான், ஆனால் வலக்கண்ணால பார்த்தால் பாசி பிடிச்ச கிணறு மாதிரிக் கிடக்குது. இடக்கண்ணால பார்த்தால் சுத்த நீலம். என்னட்டை அந்த நிறத்தில இருக்கிறது 111 ஒண்டு மட்டும்தான். 110 உன்னட்டைக் கிடக்குது. இரவல் எண்டுதான் தந்தனான், ஞாபகம் இருக்கட்டும். வலக்கண்ணை வெட்ட முதல் அதை அனுப்பி வை. பிறகு ஒப்பிட்டுப் பார்க்க எனக்குப் பழைய கண் இல்லை.

இதில இருந்துதான் உன்ரை போன கடிதத்தைத் திரும்ப எடுத்துப் படிச்சன். "விளம்பரம் ஒட்டின எஞ்சினுகளையும் நாடக வேசம் போட்டதுகளையும் வாங்கிக் காசைக் கரியாக்கிறாய், நல்ல எஞ்சினுக்கு ஒரு நிறம் போதும்" எண்டு எழுதியிருந்தாய். கனடாவுக்குப் போனவுடனை எல்லாரும் நீதிபதி ஆகிவிடுவினம் போல. எங்களை யாழ்தேவியில இழுத்துக்கொண்டு போன கனடா எஞ்சினுகள் ஒண்டாரியோ, அல்பேர்ட்டா எண்டு மாகாணப் பேரைக் காவிக்கொண்டு போனதை மறந்திட்டாய். அதுவும் வேசம்தானே?

நீ நினைக்கிற மாதிரி இது இப்பத்தையப் பழக்கமும் இல்லை. 1938 இல இருந்து 1940 வரைக்கும் கட்டின E 19 எண்ட மின்சார எஞ்சின் நாலே நாலுதான். 180 கிலோமீற்றர் வேகத்துக்கு எண்டு செய்தவை. அதுகளுக்கு வைன் சிவப்பு அடிச்சு விட்டவங்கள். மற்ற ரயில்களுக்கு நடுவில அது தனிச்சுத் தெரியவேணும் எண்டுதான் அடிச்சிருப்பினம். அதில ஒண்டு, E 19 12, நியூரம்பேர்க் ரயில் அருங்காட்சியகத்தில நிக்குது. நீ வரேக்கை கூட்டிக்கொண்டு போறன், அதுக்கு முன்னாலை நிண்டு "ஒரு நிறம் போதும்" எண்டு சொல்லிப்பார்.

கன நாளா யோசிச்சதில எனக்கு ஒண்டு பிடிபட்டிருக்கு. எஞ்சினுக்கு ஆரும் விசித்திரமா நிறம் அடிச்சால் அவன் ஏதோ விக்கப் பார்க்கிறான் எண்டு அர்த்தம். சும்மா அழகுக்கு ஒருத்தனும் பெயின்ற் வாளியைத் தூக்கிறதில்லை. கிழக்கு ஜேர்மனி ஹெனிங்ஸ்டோர்ஃப் தொழிற்சாலையில செய்த 212 001 எண்ட நம்பர் எஞ்சினைப் பார். 1982 இல லைப்சிக் வசந்தச் சந்தையில கொண்டுபோய் நிறுத்தினது வெள்ளையில, சிவப்புப் பட்டியோடை. சனம் அதுக்கு "வெள்ளைச் சீமாட்டி" எண்டு பேர் வைச்சுது. சந்தைக்கு வாற ஆக்களின்ரை கண்ணில படவேணும் எண்டுதான் அந்த வெள்ளை. பிறகு அதே எஞ்சினுக்குப் பல்லுச்சில்லை மாத்தி, வேகத்தைக் குறைச்சு, 243 001 ஆக்கினவங்கள். அதுக்குப் பிறகு வந்த அறுநூறுக்கு மேற்பட்டதுகளுக்கெல்லாம் சாதாரணக் கருஞ்சிவப்பு. அதுகளில கொஞ்சம்தான் சுவர் இடிஞ்ச பிறகு 143 எண்ட பேரோடை எங்கடை றூர் பக்கத்து எஸ்-பான் நகர ரயிலுக்கு வந்தது. டோர்ட்முண்டில வேலைக்குப் போகேக்கை நீ நித்திரை கொண்ட ரயிலை இழுத்ததும் அந்தச் சீமாட்டியின்ரை தங்கச்சிதான். இதைச் சொன்னாலும் உனக்கு விளங்காது, நீ நித்திரை.

அந்த வெள்ளைச் சீமாட்டிதான் என்ரை மேசையில இப்ப பெரிய பிரச்சினை. வலக்கண்ணில அவ பால் கலந்த தேத்தண்ணி நிறம், இடக்கண்ணில பளீர் வெள்ளை. மாதிரியைச் செய்தவன் எந்தக் கண்ணால பார்த்துச் செய்தானோ!

நிறம் சரியோ பிழையோ எண்டு நாங்கள் சண்டை பிடிச்ச பின்னேரங்கள் ஞாபகம் இருக்கோ? இப்ப யோசிச்சால் சிரிப்பா இருக்கு. அதே RAL பெயின்ற்றை 1:87 அளவில செய்த மாதிரி எஞ்சினில அடிச்சு வீட்டு லைற்றுக்குக் கீழை வைச்சால் கறுத்துத் தெரியும். அதால கொஞ்சம் வெளிறின நிறமாக் கலக்கவேணும் எண்டு ஒரு கட்சி, நம்பர் நம்பர்தான் எண்டு மற்றக் கட்சி. சரி, 1987 இல வந்த ஓரியன்ற் சிவப்பை எடு. முகத்தில வெள்ளை "லெட்ஸ்ஹென்", குழந்தையளுக்குச் சாப்பாட்டு நேரம் கழுத்தில கட்டுற துணி மாதிரி, கட்டின அந்தச் சிவப்பு. சில வருசம் வெயிலில நிண்டதோடை றோசாப்பூ ஆகிவிட்டுது. எது சரியான ஓரியன்ற் சிவப்பு, வேர்க்சொப்பை விட்டு வந்த அண்டைக்கு இருந்ததோ, நாங்கள் பத்து வருசமாப் பார்த்ததோ? நான் ரெண்டையும் வைச்சிருக்கிறன். காசைக் கரியாக்கினது எண்டால் அதுதான்.

இனி உன்ரை முதல் எதிரி, 103 220. இதைக் கொஞ்சம் பொறுமையா வாசி. 103 வகை எண்டால் தொகையாச் செய்தது 145 எஞ்சின், எல்லாம் வைன் சிவப்பும் கிரீமும், பிறகு கனக்க ஓரியன்ற் சிவப்பு. ரெண்டு பக்கத்து ரயில்வேயும் சேர்ந்து டொச் பான் எண்டு கம்பனி ஆனது 1994. அடுத்த வருசமே 145 இல ஒண்டைப் பிடிச்சு உல்லாசப் பயண ரயிலுக்கெண்டு பல நிறம் அடிச்சு விட்டவங்கள். "பரடீஸ்ஃபோகல்", சொர்க்கப் பறவை, எண்டு பேரும் விழுந்தது. 145 இல ஒண்டு! ஆனால் மாதிரி ரயில்காரன் எவன் வீட்டை போனாலும் அது நிக்குது. நிஜத்தில ஆயுசு முழுக்க ஒருக்கா பார்த்தால் அதிட்டம், அலுமாரியில எங்கை திரும்பினாலும் அதுதான். இதுதான் உன்ரை கோபம் எண்டால் நான் ஒத்துக்கொள்ளுறன்.

ஆனால் அதைச் செய்யிறது எப்பிடி எண்டு ஒருக்கா பார். அரிச்செடுத்த தகட்டில மையை விட்டு, மெத்தெண்ட சிலிக்கோன் குமிழை அதில அழுத்தி எடுத்து, எஞ்சின் பக்கத்தில ஒற்றுவினம். ஒரு நிறத்துக்கு ஒரு ஒற்றல். 103 இன்ரை பக்கத்தில ரெண்டு வரிசைக் காற்றுச் சட்டம் இருக்கெல்லோ, அந்த மேடு பள்ளத்துக்கு மேலாலை படம் விலகாமல் போகவேணும். விலையை ஏன் கேட்கிறாய்! 103 க்குப் பிறகு வந்த 101 வகைக்கு அந்தக் கரைச்சல் இல்லை, அதின்ரை பக்கம் வழுவழு. அதாலதான் விளம்பரக்காரருக்கும் அதிலை அவ்வளவு ஆசை, பிலிம் ஒட்டு, கழட்டு, அடுத்ததை ஒட்டு. கெல்ன், ஹம்பேர்க் பாதையில வியாபாரிகளுக்கெண்டு மெட்ரோபோலிட்டன் எண்ட ரயில் ஓடின 1999 இல இருந்து 2004 வரைக்கும் சில 101 வெள்ளி நிறத்தில திரிஞ்சது. உனக்குப் பிடிச்சது அது ஒண்டுதான், அதுகும் "மாப்பிள்ளைக் கார்" எண்டு சொன்னாய். மியூனிக்கில இருக்கிற லோக்கோமோஷன் கம்பனி அல்ப்ஸ் மலையைக் கடக்கிற பிரென்னர் பாதைக்கு வரிக்குதிரைக் கோடு போட்டு விட்டதையும் நீ பார்க்கவேணும். பென்னாம்பெரிய ரயில்வேக்குப் பக்கத்தில சின்னக் கம்பனி வேறை எப்பிடித் தன்னைக் காட்டுறது?

இதுக்குள்ளை ஒரு கவலை, அதைச் சொல்லத்தான் இவ்வளவு சுத்தினனான். 101 ஐ இப்ப ஒண்டு ஒண்டாக் கழிச்சு இரும்புக்கு வெட்டுறாங்கள். 103 க்குப் பதிலா வந்தது, அதுகும் சரியா 145. அந்த 145 இன்ரை மேலை ஒட்டிக் கழட்டின நிறங்களை ஆரும் தேடிவைக்கப் போறதில்லை. எனக்குப் பிறகு இந்த அலுமாரிக்கும் அதே கதைதான். பிள்ளையளைக் கேட்டன். சின்னவள் போனைப் பார்த்துக்கொண்டு "எவ்வளவுக்கு விக்கலாம் அப்பா" எண்டாள். கோபமில்லை, அவளுக்கு அது பெட்டி. ஒப்பரேசன் மேசையில படுத்துக் கிடக்கேக்கைதான் முதல்முதலா இதை நினைச்சன். ஆருக்கு எது எண்டு எழுதி வைக்கவேணும் மச்சான், பகிடி இல்லை.

அதால எழுதத் தொடங்கிட்டன். சீமாட்டி சின்னராசு அண்ணைக்கு, அவருக்குத்தான் கிழக்குப் பக்கத்துப் பைத்தியம். வரிக்குதிரை வசந்தியின்ரை தம்பி மகனுக்கு. 103 220 உனக்கு. மாட்டன் எண்டு சொல்ல ஏலாது. வாங்கினவுடனை அடிமட்டத்தை எடுத்து அளந்து பார். நம்பர் 216 இல இருந்து வந்த 103 எல்லாம் சாரதி அறை நீண்டவை, 20.2 மீற்றர், முந்தினதுகள் 19.5. 1:87 இல 8 மில்லிமீற்றர் வித்தியாசம் வரவேணும். உன்னட்டை இருக்கிற பழைய சிவப்பு 103 க்குப் பக்கத்தில வைச்சுப் பார்த்திட்டு, எட்டு இருக்கோ இல்லையோ எண்டு எழுது. இல்லையெண்டால் எனக்கு வித்தவனை ஒரு கேள்வி கேட்கவேணும்.

அக்காவை விசாரித்ததாகச் சொல்லு. 110 ஐ நல்லாச் சுத்தி அனுப்பு, கூரையில கரண்ட் எடுக்கிற பன்ரோகிராஃப் முறியாமல்.

உன்ரை,
நேசன்